கழிப்பறை வாசலில் தண்ணீரும் சோப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கை கழுவச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டுவதோடு மண்டபம் மறுவாழ்வு முகாமில் வேலை முடிந்துவிடாது. 1983 முதல் இலங்கையில் போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களுக்கும், 2022 மார்ச்சிலிருந்து அங்கிருந்து பஞ்சம் பிழைக்க தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் வந்திறங்கியவர்களுக்கும் கை கழுவ வேண்டும் என்பது தெரியாததல்ல. கழிப்பறையை விட்டு வந்ததும் கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் இல்லை என்பதுதான் குறை. தண்ணீர் வீட்டுக்குள் குடத்தில் இருந்தால், கழுவாத கையோடு கதவையும் செம்பையும் தொட்டாக வேண்டும். அந்தச் செம்பு குடத்துக்குள் போனால் வீடு முழுக்க வயிற்றுப்போக்கு.

இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து வெள்ளைப் பிசுக்காகிவிடும், நுரை வராது. எவ்வளவு தேய்த்தும் பிசுபிசுப்பதால் சோப்பையே விட்டுவிட்டு வெறுந்தண்ணீரில் அலசிக்கொள்கிறார்கள். சலவைத்தூள் உவர்நீரிலும் வேலை செய்யும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் தூளைக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் வைத்தால் போதும். பிள்ளைகள் குடிநீர் என்று வாயில் வைத்துவிடாதபடி சிவப்புத் துணி சுற்றி, கம்பத்தோடு இறுகக் கட்டிவிட வேண்டும். வலை இழுத்துக் கை வெடித்தவர்களுக்கு இந்தக் கரைசல் எரியும். அவர்களுக்கு நல்ல தண்ணீரும் குளியல் சோப்பும்தான் சரி.

ஒரே வாளியில் எல்லோரும் கை முக்குவது ஆகாது, தண்ணீர் ஓட வேண்டும். அதற்குக் குழாய்தான் வேண்டும் என்றில்லை. 5 லிட்டர் எண்ணெய்க் கேனைக் கழுவி, மூடிக்கு நாலைந்து அங்குலம் கீழே, காய்ச்சிய ஆணியால் ஒரு துளை. கைப்பிடிக்குள் கம்பைச் செருகி இரண்டு சவுக்குக் கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, கேனின் கழுத்திலிருந்து ஒரு நைலான் கயிற்றைக் கீழே கொண்டுவந்து மிதிகட்டையில் கட்டினால், காலால் மிதிக்கும்போது கேன் சாய்ந்து தண்ணீர் விழும். துளைக்குக் கீழ் மட்டம் வரைதான் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் சும்மாவே ஒழுகும். ஒரு தடவைக்கு 200 மில்லி என்று வைத்தாலும் 4 லிட்டரில் 20 பேர் கழுவலாம். குவளையில் மொண்டு ஊற்றினால் இதில் பாதிப் பேருக்குக்கூட வராது.

பழுதாவது எங்கே என்றால், மணலில் கால்கள் சாய்ந்துவிடும். இரண்டடி ஆழம் தோண்டிக் கல் போட்டு இறுக்க வேண்டும். உப்புப் படிந்து துளை அடைபடும். விளக்குமாற்றுக் குச்சியால் குத்திவிடலாம். கீழே சல்லி கொட்டாவிட்டால் சகதியாகி ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள். சோப்பைக் காக்கை தூக்கிக்கொண்டு போகும், கிழிந்த வலைத் துண்டில் போட்டுக் கட்டுங்கள். தினமும் நிரப்ப ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைக்காவிட்டால் பத்தே நாளில் காலிக் கேன்தான் தொங்கும்.

இடம்பெயர்ந்தோருக்கு உதவும் நிறுவனங்கள் உலகெங்கும் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல்படி ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் சலவைச் சோப்பு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குளியல் சோப்பு மட்டும் ஒன்றேகால் கிலோ. கூலி இல்லாத வாரத்தில் முதலில் நிற்பது இதுதான். ஆகவே சோப்பு மாதாமாதம் எண்ணிக் கொடுக்கப்பட வேண்டும். மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு நனைந்த துணியோடு வருபவர்களுக்கு முதல் நாளே கொடுக்க வேண்டும். அவர்களிடம் பேசும்போது சோப்பைச் சவர்க்காரம், கழிப்பறையை மலசலகூடம் என்று அவர்கள் சொல்லையே பயன்படுத்துவது நல்லது.

இன்னொன்று: கைக்குழந்தையின் மலத்தால் கெடுதி இல்லை என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அதிலும் நோய்க்கிருமி உண்டு. பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையோடு சோறு பிசையக் கூடாது என்பதைத் தாய்மாரிடம் மட்டுமின்றி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அப்பாமாருக்கும் பாட்டிமாருக்கும் சொல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்துவிடும். அதற்குள் ஒவ்வொரு கழிப்பறை வரிசைக்கும் இப்படி இரண்டு கேன்களை, ஒன்று சிறுவர்களுக்கு எட்டும் உயரத்தில், கட்டித்தர மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்