பயிற்சி ஏற்பாடு செய்யும் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தேதி குறிப்பதும், ஆட்களைச் சேர்ப்பதும், அரங்கையோ ஜூம் இணைப்பையோ ஏற்பாடு செய்வதும் உங்கள் பொறுப்பு. பயிற்சி நெறியாளரை நீங்கள் அழைப்பது பெரும்பாலும் இவையெல்லாம் முடிவான பிறகுதான். "ஸ்லைடு தயார், வந்து நடத்திக் கொடுங்கள்" என்கிறீர்கள். ஸ்லைடை வாசித்துக் காட்ட நெறியாளர் எதற்கு? கோப்பை அனுப்பிவிட்டால் அவரவர் படித்துக்கொள்வார்களே.

கேள்வி கேட்பதும், பதில் வரும்வரை பொறுத்திருப்பதும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு கோத்துக் கொடுப்பதும்தான் நெறியாளரின் வேலை. இதில் பொறுத்திருப்பதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியவர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறப்பவர்களும் கூடினார்கள். இணையவழியில் அதுவும் போதாது. மைக்கைத் திறக்கவோ அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யவோ நேரம் பிடிக்கும். பத்து வினாடி அமைதியைத் தாங்கத் தெரியாதவர் தாமே பதிலைச் சொல்லிவிடுவார். இரண்டு முறை அப்படி நடந்தால் போதும், பங்கேற்பாளர்கள் அதன்பின் பேச மாட்டார்கள்.

நேரடிப் பயிற்சியில் நாற்காலிகளிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. திரையரங்கு போல வரிசையாகப் போட்டால் முன்னிருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு யாரும் விவாதிக்க முடியாது. மேசைக்கு ஐந்தாறு பேர், திரைக்கு முதுகு காட்டும் பக்கம் காலி. இது போதும். பங்கேற்பாளர்கள் சேர்ந்து செய்துபார்க்கும் செயல்பாட்டுக்குப் பின்னான கலந்துரையாடலுக்கு, செயல்பாட்டுக்கு ஆன நேரமாவது வேண்டும். என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, நம் வேலையில் இது எங்கே பொருந்தும் என்ற கேள்விகளை அங்கேதான் கேட்க முடியும். நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் இந்தப் பகுதிதான். ஸ்லைடுகளை வெட்டுங்கள். இதில் கை வைத்தால் செயல்பாடு வெறும் விளையாட்டாகிவிடும்.

ஆறு மணி நேர நேரடிப் பயிற்சியை அப்படியே ஒரே நாளில் திரைக்கு மாற்றச் சொல்லாதீர்கள். தொண்ணூறு நிமிட அமர்வுகளாகப் பிரித்துப் பல நாட்களில் வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் செய்துபார்க்க ஒரு சிறு வேலை கொடுக்கலாம். இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். காத்திருப்பு அறையிலிருந்து ஆட்களை உள்ளே விடுவது, அரட்டையைப் படிப்பது, ஒலி கேட்காதவருக்கு உதவுவது, பங்கேற்பாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவைக்கும் குழு அறைகளைத் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இவற்றையும் நெறியாளரே செய்தால் பேசுபவரின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கண் மிஞ்சாது.

குழு அறைகளில்தான் அதிகம் சறுக்குகிறது. பிரதான அறையில் காட்டிய ஸ்லைடு உள்ளே போனதும் தெரியாது, "என்ன செய்யச் சொன்னார்கள்?" என்றே பாதி நேரம் கரைகிறது. அனுப்பும் முன்பே பணியை ஒரு பகிர்வு ஆவணத்தில் எழுதி இணைப்பைக் கொடுக்க வேண்டும். யார் குறிப்பெடுப்பது, யார் திரும்பி வந்து சொல்வது என்பதும் அதில் இருக்கட்டும். அறைக்கு நான்கு பேர் போதும். நேரம் ஐந்து நிமிடம் என்றால் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிவிடும். பன்னிரண்டு நிமிடமாவது கொடுங்கள்.

அரங்கில் சிலர், திரையில் சிலர் என்ற கலப்பு முறையைக் கூடியவரை தவிர்க்கவே சொல்வோம். அரங்கின் மைக் பெரும்பாலும் அருகிலிருப்பவர் குரலை மட்டுமே எடுக்கும். அறையில் இரண்டு கணினிகளில் மைக்கும் ஸ்பீக்கரும் திறந்திருந்தால் ஒலி சுழன்று வீறிடும். திரையில் இருப்பவர்கள் மெல்லப் பார்வையாளர்களாகிவிடுவார்கள். வேறு வழியில்லையென்றால் அவர்களுக்குக் குரலாக அரங்கில் ஒருவரை அமர்த்துங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வாய்ப்பு திரையில் இருப்பவர்களுக்கே போகட்டும்.

மதிப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சியின் பலனை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்க அறிஞர் 1959இல் எழுதத் தொடங்கிய நான்கு படிகள் உங்களுக்குத் தெரிந்தவை: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா. கடைசி ஐந்து நிமிடத்தில் நிரப்பச் சொல்லும் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. கலகலப்பாகப் பேசுபவர் அதில் எளிதாக அதிக மதிப்பெண் வாங்குவார். ஆறு வாரம் கழித்துப் பங்கேற்பாளரிடமும் அவருடைய மேலாளரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: என்ன மாறியது?

அடுத்த முறை அழைக்கும்போது ஸ்லைடை அனுப்ப வேண்டாம். பயிற்சி முடிந்தபின் பங்கேற்பாளர்கள் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள். எத்தனை பேர், என்ன வேலை செய்பவர்கள், உதவிக்கு யார் இருப்பார் என்பதையும் சேருங்கள். பங்கேற்கப் போகும் இருவருடன் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள். நிகழ்ச்சி நிரலை அதன்பின் சேர்ந்து எழுதலாம்.

இப்படிக்கு,
பயிற்சி நெறியாளர்கள் சிலர்