மரத்துண்டு செருகிய பட்டனும் விபத்தில்லா நாட்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பணியிடப் பாதுகாப்பு பற்றி வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சட்டம் என்ன சொல்கிறது, நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் தொழிலாளி எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பது அதில் வரவில்லை.

நான் பவர் பிரஸ், அதாவது தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வெட்டும் மெஷின், ஓடும் இடத்தில் வேலை பார்க்கிறவன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், அப்போதுதான் கை டைக்குள் (அச்சுக்குள்) போகாது என்று யோசித்துத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். டார்கெட் ஏறினால் ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகி டேப் சுற்றிவிடுவார்கள், ஒரு கை மிச்சமாகும், பீஸ் எண்ணிக்கை கூடும். சூப்பர்வைசர் கண்ணில் படாமலா இருக்கும்? விரல் போன பிறகு விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவார்கள், பயிற்சி கொடுத்ததற்கு அவரே போட்ட கையெழுத்தும் ஃபைலில் இருக்கும். டார்கெட்டை ஏற்றியவர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

அந்தக் கையெழுத்து இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நிறைய மேனேஜர்கள் நம்புகிறார்கள். அது தப்பு. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பல நாடுகளின் சட்டங்களுக்கு அதுதான் முன்மாதிரி. நியாயமாக இயன்ற அளவுக்குத் தொழிலாளியின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. வழக்கு வந்தால், இதற்கு மேல் செய்ய இயலாது என்று நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். செலவாகும் என்ற வாதமும் லேசில் எடுபடாது, ஆபத்தோடு ஒப்பிட்டால் செலவு எக்கச்சக்கமாக இருக்க வேண்டும் என்று அங்கே நீதிமன்றம் 1949லேயே சொல்லிவிட்டது. இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு அடிக்கும் விட்டு விட்டு அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி கன்ட்ரோல் உண்டு, அதில் மரத்துண்டு செல்லாது. அதைப் பொருத்தாமல் கிளவுஸ் மாட்டிக்கொள் என்று போர்டு வைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

போர்டு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'விபத்து இல்லாத நாட்கள்' என்று வாசலில் ஒரு எண் தொங்கும். அதோடு போனஸையும் முடிச்சுப் போட்டுவிட்டால் அடிபட்டவர் வாயே திறக்கமாட்டார், திறந்தால் கூட வேலை செய்பவர்களே அவர் மேல் கோபப்படுவார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஏழு வருஷமாக வேலைநாள் இழக்கும்படியான காயம் ஒன்றுகூட இல்லை என்று பாராட்டுவதற்காக உயர் அதிகாரிகள் அன்றுதான் அங்கே வந்திருந்தார்கள். வழுக்கி விழுவதையும் கை நசுங்குவதையும் எண்ணும் கணக்கில், வெடிப்பதற்கு முன் எண்ணெய்க் கிணற்றின் அழுத்தச் சோதனையை அன்று தவறாகப் புரிந்துகொண்டது எப்படித் தெரியும்?

1988இல் வட கடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தது நினைவிருக்கலாம். ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள், அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை, அந்தப் பம்ப்பையே ஓட்டினார்கள். பழுது வேலைக்கு எழுத்தில் அனுமதி தரும் பெர்மிட் முறை அங்கே இல்லாமல் இல்லை. காகிதம் இருந்தது, ஷிப்ட் மாறும்போது நின்று பேச வேண்டிய பேச்சுதான் நடக்கவில்லை. இன்றைக்கும் டார்கெட் நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஐந்து பத்து நிமிஷம்தான், எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

சரி, தொழிலாளி என்ன செய்யலாம்? உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வேலையை விட்டு விலகலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டின் 155ஆவது உடன்படிக்கை சொல்கிறது. 2022இல் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் சேர்த்துவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை நிர்வாகிகளைப் பேட்டி எடுக்கும்போது விருதுகளையும் விபத்தில்லா நாட்களையும் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: உங்கள் இடத்தில் கடைசியாக ஒரு தொழிலாளி ஆபத்து என்று சொல்லி மெஷினை நிறுத்தியது எப்போது, அப்புறம் அவருக்கு என்ன ஆனது?

இப்படிக்கு,
பிரஸ் ஷாப் தொழிலாளி ஒருவர்