டவர் இல்லாத ஊரிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஒரு வாசகர், குடிக்கத் தண்ணீரும் போகப் பாதையும் இல்லாத ஊர்களுக்கு இன்டர்நெட் அடிப்படை உரிமை என்று பேசுவது வசதியானவர்கள் வேலை என்று எழுதியிருந்தார். நான் அப்படி ஒரு ஊரில்தான் இருக்கிறேன், ஜவ்வாது மலையில். அவர் எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் இங்கே நடப்பது வேறு.

எங்கள் ரேஷன் கடையில் அரிசி மூட்டை கண்ணெதிரே அடுக்கியிருக்கும், கைரேகை வைக்கிற மிஷினுக்கு சிக்னல் இருக்காது. கடைக்காரத் தம்பி அதைக் கையில் தூக்கிக்கொண்டு வாசல், மேட்டுப்பக்கம், எதிரே புளியமரத்தடி என்று நடப்பார், நாங்கள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போவோம். ஒரு கோடு சிக்னல் வந்தால் முதலில் வயதானவர்களை விட்டுவிடுவோம், மண்வேலை செய்து ரேகை தேய்ந்துபோனதால் அவர்கள் நாலைந்து தடவை விரலை வைக்க வேண்டியிருக்கும். வரவே இல்லையென்றால் "நாளைக்கு வாங்க". அந்த நாளைக்காக இன்னொரு நாள் கூலி போகும். நூறு நாள் வேலையிலும் இப்படித்தான், 2023 ஜனவரியிலிருந்து செல்போன் ஆப்பில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். அரிசிக்கும் கூலிக்கும் நடுவில் நெட்டைக் கொண்டுவந்து வைத்தது நாங்கள் இல்லையே.

என் மகள் பன்னிரண்டாவது முடித்ததும் வருமானச் சான்றிதழுக்காகக் கீழே இறங்கிப் போனோம். இ-சேவை மையத்தில் இருந்த பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டு "ஓடிபி சொல்லுங்கக்கா" என்றாள். பதிந்திருந்தது என் வீட்டுக்காரர் நம்பர். அவர் அப்போது குடகில் காபி எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார், அங்கே சாயங்காலம் ரோட்டுக்கு வந்தால்தான் டவர் கிடைக்கும். சில நிமிஷத்தில் செத்துப்போகிற எண்ணுக்காக அன்று மூன்று தடவை முயற்சி செய்தோம். அவர் ரோட்டுக்கு வந்து "என்னமோ நம்பர் வந்திருக்குதே" என்று கூப்பிட்டபோது நாங்கள் கடைசி பஸ்ஸில் ஏறியிருந்தோம். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள், வீடு வரும் வரை பேசவே இல்லை.

கோர்ட்டு இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் வழக்கில், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை போனைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விடுதி விதியை ஏற்காமல் வெளியேற்றப்பட்ட அந்த மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது, இன்டர்நெட் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றும் சொன்னது. 2020 ஜனவரியில் காஷ்மீரில் இன்டர்நெட்டை முடக்கியது பற்றிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இன்டர்நெட் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உள்ளவை என்றது. ஆனால் இன்டர்நெட் இணைப்பே அடிப்படை உரிமையா என்பதை யாரும் தங்கள் முன் வாதிடவில்லை, அதனால் அதில் கருத்துச் சொல்லவில்லை என்று விட்டுவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஆறவே இல்லை. கேட்கக்கூட ஆள் இல்லாமல் போச்சே! அப்புறம் 2025 ஏப்ரலில், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட முடியாததால் வங்கியின் ஆன்லைன் அடையாளச் சரிபார்ப்பில் தள்ளப்படுகிறார்கள் என்று போன வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது 21ஆவது பிரிவின் உயிர்வாழும் உரிமைக்குள் வரும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நான் கேட்பது படம் பார்க்க நெட் இல்லை, அதுவும் வந்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. எந்தச் சேவைக்கு அரசு நெட்டைக் கட்டாயமாக்குகிறதோ, அந்தச் சேவை கிடைக்கிற இடத்தில் இணைப்பைத் தரவேண்டியதும் அரசுதான். தர முடியாத நாளில் பேப்பரில் எழுதிக்கொண்டு அரிசியைக் கொடுக்க வேண்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கொடுக்க வேண்டும். கேரளத்தில் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று சொல்லி 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு இன்டர்நெட் திட்டத்தைத் தொடங்கினார்கள், முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்டது 14,000 வீடுகள். இலக்கைப் பார்த்தால் ரொம்பக் குறைவு, சரி, ஆனால் ஏழை வீடு என்று கணக்கில் எடுத்தார்களே. நம் மாநிலத்திலும் 12,525 ஊராட்சிகளுக்கு இன்டர்நெட்டுக்கான கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. அது ஊராட்சி அலுவலகச் சுவரோடு நிற்காமல் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வர வேண்டும், அந்தப் புளியமரத்தைத் தாண்டினால் கடை.

மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். அடுத்த வருஷம் பையனுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குள் அந்த நம்பரை என் நம்பராக மாற்றிவிட இந்த வாரம் மறுபடி கீழே இறங்குகிறேன். அதற்கும் ஒரு ஓடிபி வருமாம், அவருடைய போனுக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஜவ்வாது மலை, திருவண்ணாமலை மாவட்டம்