அரிசி டப்பாவுக்குள் போன்

திருநெல்வேலி டவுன்

ஏலே சண்முகம்,

உன் கடிதம் வந்து எட்டு நாளாச்சு. "ஒண்ணும் ஓடல, பேப்பரைப் பிரிக்கக்கூடத் தோணல" என்று எழுதியிருந்தாயே, ஓய்வு பெற்ற முதல் வருஷம் நானும் அப்படித்தான் கிடந்தேன். நீ போனில் கேட்டபோதெல்லாம் "நல்லாத்தாம்லே இருக்கேன்" என்றது அத்தனையும் பொய்.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டிவிடும். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். யார் வீட்டுக் கல்யாணமோ, யார் வீட்டுச் சாவோ. ஒருநாள் வெறுத்துப்போய் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் உலைக்கு அரிசி அளக்கப் போன உன் தங்கச்சி, டப்பாவுக்குள்ளிருந்து மணியடிப்பதைக் கேட்டு உழக்கைக் கீழே போட்டுவிட்டாள். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து எத்தனை மாசமாச்சு என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போதும் ஒன்பது மணிக்கு மேல் போனுக்குப் படுக்கை அங்கேதான்.

சாயங்காலம் ஏழு மணிக் காபியையும் விட்டுவிட்டேன். அதிலுள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகுமாம். விடுவதற்குள் வீட்டில் நடந்த சண்டையைத் தனிக் கடிதமாக எழுதலாம்.

காலையில் தாமிரபரணிக் கரைக் குறுக்குத்துறைக்கு நடக்கிறேன். முதல் நாள் ரதவீதி முக்கோடு திரும்பிவிட்டேன். அடுத்த வாரம்தான் படித்துறையைப் பார்த்தேன். போகணும் என்று தோன்றட்டும் என்றிருந்தால் இன்றைக்கும் கட்டிலில்தான் கிடப்பேன். செருப்பை மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். வெயில் முகத்தில் பட்டால் ராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வருகிறது.

ஆனால் இதெல்லாம் மட்டும் போதவில்லை சண்முகம். டாக்டரிடமும் போனேன். முதலில் ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். அப்புறம் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தவன் எவனும் வந்துவிடக் கூடாதே என்று முகத்தைப் பேப்பரில் மறைத்துக்கொண்டேன். பேப்பரை இறக்கினால், எதிர் பெஞ்சில் நம்ம பழைய கணக்கு வாத்தியார்! "நீயுமாடே?" என்றார். அதோடு வெட்கம் போயிற்று.

வெள்ளம் வருகிறதென்றால், ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறைக் கோயிலின் உற்சவ முருகனையே மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ மட்டும் ஏன் முங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய்? ரெண்டு வாரத்துக்கு மேலாயிற்று என்றால் தள்ளிப்போடாதே. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடு. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனசு ரொம்பத் தப்பாகப் போனால் அந்த நிமிஷமே கூப்பிடு, இல்லை என்னைக் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கூப்பிட்டாலும் சரி. டப்பாவைத் திறந்து அரிசியைத் தட்டிவிட்டு எடுக்கணும், ரெண்டு ரிங் கூடப் போகும். வைத்துவிடாதே.

உன்,
நெல்லையப்பன்