19-ஆம் எண் எஞ்சின் காயலான் கடைக்குப் போகவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் டார்ஜிலிங் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். தேயிலைத் தோட்டம், கஞ்சன்ஜங்கா எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: "1889-ல் இங்கிலாந்தில் செய்த 19-ஆம் எண் பொம்மை எஞ்சின் ஓடி ஓய்ந்து, கடைசியில் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது." அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐயா, அந்த எஞ்சின் காயலான் கடைக்குப் போகவே இல்லை. டார்ஜிலிங் மலை ரயிலுக்கென்றே செய்த சின்ன நீராவி எஞ்சின் வகைக்கு பி கிளாஸ் என்று பெயர். அந்த பி கிளாஸ் எஞ்சின்கள் வர ஆரம்பித்த முதல் வருஷமே டார்ஜிலிங்குக்கு வந்தது அது. செய்தவர்கள் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி. அவர்கள் 1888-லேயே மான்செஸ்டரை விட்டு கிளாஸ்கோவுக்கு மாறிவிட்டது தாங்கள் அறியாததல்ல. கிளாஸ்கோ இருப்பது ஸ்காட்லாந்தில். பிற்பாடு அகில இந்திய எண் கொடுத்தபோது 19 என்பது 778 ஆனது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த எலியட் டானெல்லி என்ற ரயில் பிரியர் அதை வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். அவர் காலத்துக்கு அப்புறம் இண்டியானாவில் ஹெஸ்டன் நீராவி அருங்காட்சியகத்தில் பல வருஷம் ஓடாமல் கிடந்தது. 2002-ல் ஏட்ரியன் ஷூட்டர் என்ற ஆங்கிலேய ரயில்வே நிர்வாகி அதை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். டைஸ்லி பட்டறையில் பழுது பார்த்து மறுபடி நீராவி ஏற்றினார்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தன் வீட்டு நிலத்திலேயே தண்டவாளம் போட்டு ஓட்டினார் அந்த மனிதர். டார்ஜிலிங் பெட்டி மாதிரியே இரண்டு பெட்டியும் செய்ய வைத்தார். அவர் 2022-ல் காலமானார். இப்போது எஞ்சின் இங்கிலாந்தின் ஸ்டாட்ஃபோல்டில் ஒரு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. இந்தியாவை விட்டு வெளியே போன பி கிளாஸ் இது ஒன்றுதான். மூன்று தேசம் பார்த்து, நூறு வயதுக்கு மேல் மறுபடி மூச்சு விட்ட எஞ்சினை ஒரே வரியில் இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டீர்கள்.

பொம்மை என்ற வார்த்தைதான் இன்னும் வலிக்கிறது. நான் ரயில்வேயில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். 1991-ல் பாஸ் எடுத்து மனைவி, மகளோடு டார்ஜிலிங் போனேன். அப்போது அங்கே டீசல் கிடையாது, எல்லாம் கரி எஞ்சின்தான். வழியில் கர்சியாங் ஸ்டேஷனில் இறங்கி எஞ்சின் பக்கத்தில் போய் நின்றேன். முன்னால் பஃபர் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூறலில் தண்டவாளம் நனைந்திருந்தது. சக்கரம் வழுக்கும் இடம் வந்ததும் பிடி மணலை எடுத்து, கோலப்பொடி விடுகிற மாதிரி விரல் இடுக்கில் தண்டவாளத்தின் மேல் விட்டுக்கொண்டே போனார்கள். டிரைவர் கேபினுக்கு முன்னால் கரிக் குவியல் மேல் இன்னொருவர் உட்கார்ந்து சுத்தியலால் கரி உடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளை. 26 அங்குலச் சக்கரம், இரண்டடி அகலத் தண்டவாளம், பல்சக்கரம் எதுவும் கிடையாது. அந்த எஞ்சின் 7,407 அடி உயரத்தில் இருக்கிற கூம் வரைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போனது. அந்த மணல்காரர்களின் விரல்களைப் பார்த்தவர் யாரும் அதைப் பொம்மை என்று எழுத மாட்டார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊட்டி ரயிலை "நேரோ கேஜ்" என்று போட்டீர்கள். அது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், நடுவில் பல் தண்டவாளம். டார்ஜிலிங் ரயில் பல் இல்லாமல் மணலை நம்பி ஏறுகிறது, ஊட்டி ரயில் பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. இரண்டும் இரண்டு விதமான வேலை. 1999-ல் டார்ஜிலிங்கையும் 2005-ல் நீலகிரியையும் யுனெஸ்கோ தனித்தனியாகத்தான் பாரம்பரியச் சின்னமாக எடுத்துக்கொண்டது. அந்த ஊட்டித் தவறு வந்தபோதே கடிதம் எழுதினேன். கூடவே குன்னூர் ஷெட்டில் நான் எடுத்த படம் ஒன்றும் வைத்தேன். கடிதம் இதழில் வரவில்லை, சரி, இடம் இருந்திருக்காது. படமும் திரும்பி வரவில்லை. அதற்கு நெகட்டிவ் என்னிடம் இல்லை.

எழுதுகிறவர்கள் இப்படி எழுதினால், வைத்திருக்கிறவர்கள் எப்படி வைத்திருப்பார்கள்? எங்கள் ஊரில் ஒரு அலுவலக வாசலில் பழைய மீட்டர் கேஜ் எஞ்சின் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பார்கள். கனெக்டிங் ராடு, பிஸ்டன் ராடு, எண்ணெய் விடுகிற கிண்ணம் எல்லாவற்றின் மேலும் சில்வர் பெயின்ட். நாங்கள் கிரீஸும் கழிவுப் பஞ்சுமாக வருஷக்கணக்கில் தேய்த்து முகம் தெரிய வைத்திருந்த இரும்பு அது. புகைபோக்கிக்கு மூடி இல்லை. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, அடித்தகடு கையால் தொட்டால் அப்பளமாக உதிர்கிறது. நம்பர் பிளேட்டை யார் கழற்றினார்களோ, நாலு ஓட்டைதான் மிச்சம். அங்கிருந்த அதிகாரியிடம் போய், "ஒரு தகர மூடியாவது போடுங்கள் சார், நானே செய்து தருகிறேன்" என்றேன். "அது ஓடப் போறதில்லையே, பார்க்கத்தானே பெரியவரே" என்றார். மகளின் கல்யாணத்துக்குக்கூட நான் யாரிடமும் போய் நின்றதில்லை. அந்த மூடிக்காக மூன்று முறை போய் நின்றேன்.

1889-லிருந்து 1927 வரைக்கும் மொத்தம் 34 பி கிளாஸ் எஞ்சின்கள். அவற்றில் மூன்று அந்த மலையிலேயே, தின்தாரியா பட்டறையில் நம் ஆட்கள் கையால் உருவானவை. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. மோமோவுக்கு அரைப் பக்கம் இருந்தது.

தங்கள் இதழை 40 வருஷமாகக் காசு கொடுத்து வாங்குகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், 19-ஆம் எண் எஞ்சின் ஸ்காட்லாந்தில் செய்தது, இன்றும் பத்திரமாக இருக்கிறது என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். கர்சியாங்கில் 1991-ல் எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மணல்காரர்கள் இருவரும் அதில் தெளிவாகத் தெரிகிறார்கள். எஞ்சின் ஓரமாக நிற்பது என் மனைவி. அவர் இப்போது இல்லை. தபால்தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
விழுப்புரம்