ஆடி அமாவாசையன்று நடுப்பகலில்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள பாய்,

உங்கள் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாயிற்று. இங்கே சாரல் விட்டுவிட்டு விழுகிறது, பாபநாசம் பக்கம் மலை தெரியாமல் மேகம் இறங்கிக் கிடக்கிறது.

முழு சூரிய கிரகண விஷயத்துக்கு வருகிறேன். எகிப்தில் லக்சர் போகிற குழுவோடு சேர்வதா, ஜித்தாவில் மகள் வீட்டுக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் ஜித்தாவுக்குப் போங்கள். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், மருமகனுக்கும் படித்துக் காட்டலாம்.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. நிலவின் நிழல் தெற்கு ஸ்பெயினைக் கடந்து, வட ஆப்பிரிக்காவின் மேல் ஓடி, எகிப்தில் லக்சர் வழியாகச் செங்கடலைத் தாண்டி ஜித்தா, மக்கா மேல் வருகிறது. லக்சர் அருகில் முழு மறைவு அதிகபட்சம் 6 நிமிடம் 23 வினாடி. இவ்வளவு நீளமான முழு கிரகணம் இனி 2114 வரை கிடையாது. அந்த 23 வினாடியைக் கேட்டுத்தான் உலகமே லக்சருக்கு ஓடுகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நிழல் பாதையின் அகலம் அங்கே 258 கிலோமீட்டர். நடுக்கோட்டிலிருந்து 30 கிலோமீட்டர் விலகினால் குறைவது பத்து வினாடிதான். விளிம்புக்குப் பாதித் தூரம் போனால்கூட ஐந்தரை நிமிடம் மிச்சம் இருக்கும். விளிம்பை நெருங்கும்போதுதான் மளமளவென்று குறைகிறது. ஜித்தாவில் ஆறு நிமிடத்தை ஒட்டிக் கிடைக்கும், மக்காவில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். சில வினாடிக்காக லக்சரில் அறைக்கும் வண்டிக்கும் அலைவது வீண் பாடு. கெய்ரோவும் மதீனாவும் பாதைக்கு வெளியே இருப்பதை மட்டும் மனதில் வையுங்கள். "அங்கேயும் கிட்டத்தட்ட முழுசுதானே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நூற்றில் ஒரு பங்கு சூரியன் வெளியே இருந்தாலும் பகல் பகல்தான், அதைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டத்துக்குப் பயந்துதானே கேட்டீர்கள்? இந்தக் கிரகணத்தில் கூட்டத்தை நாம் தொடவே வேண்டியதில்லை. ஜித்தாவில் முழு மறைவு மதியம் ஒன்றேகால் தாண்டி ஒன்றரைக்குள் வரும், நம் நேரத்தில் நாலு மணிக்குச் சற்று முன்னால். அப்போது சூரியன் ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், உச்சந்தலைக்கு மேல் நிற்கும். திறந்த வெளியோ கடற்கரையோ மைதானமோ தேவையே இல்லை. நாலு மாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் முற்றத்திலிருந்து அண்ணாந்தாலும் தெரியும். ஆகவே மகள் வீட்டு மொட்டை மாடிதான் முதல் வகுப்பு இடம். மாடியில் இன்னொரு லாபமும் உண்டு. முழு மறைவின்போது அடிவானம் சுற்றிலும் அந்தி போல் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும், நிழல் வடமேற்கிலிருந்து ஓடிவருவதும் தெரியும். தெருவில் நிற்கிறவனுக்கு இது கிடைக்காது.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்று, சாவி. அங்கே பல கட்டடங்களில் மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை ஹாரிஸ், அதாவது கட்டடக் காவலாளி, வைத்திருப்பார். அன்று காலையில் போய்க் கேட்டால் அவர் கடைக்குப் போயிருப்பார், அல்லது கட்டடத்துக்காரர் அனுமதி வேண்டும் என்பார். மருமகனை ஒரு மாதம் முன்பே பேசி வைக்கச் சொல்லுங்கள், முந்தின நாள் கதவைத் திறந்து பார்க்கவும் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா இவற்றின் இடுக்கில் எத்தனை பேர் படுக்கலாம் என்று அளந்துகொள்ளட்டும். படுக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். 77 பாகையில் இருக்கிற சூரியனை நின்றுகொண்டு பத்து நிமிடம் பார்த்தால் மதினிக்குக் கழுத்து போய்விடும். பத்தமடைப் பாய் இரண்டு கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பாய் வேண்டாம், ஆகஸ்ட் மத்தியான வெயிலில் தளம் கொதிக்கும், பிளாஸ்டிக் இளகி ஒட்டும். சூரியன் தலைக்கு மேல் இருப்பதால் கைப்பிடிச் சுவர் நிழல் தராது. குடை வேண்டும், அல்லது கயிற்றில் ஒரு போர்வையைக் கட்ட வேண்டும்.

பகுதி மறைவு நண்பகலை ஒட்டித் தொடங்கும். அப்போதே எல்லாரும் மாடியேற வேண்டாம். கடற்கரை ஊர், வெக்கையோடு புழுக்கமும் சேர்ந்திருக்கும். கால்மணிக்கு ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கட்டும். முழு மறைவுக்கு இருபது நிமிடம் முன்னால் குடும்பத்தோடு ஏறினால் போதும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நீங்கள் இருவரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து வைத்துக் குடியுங்கள்.

கிரகணத் தொழுகைக்கு மக்கா ஹரம் பெரிய பள்ளிவாசலுக்குப் போகலாமா என்று மருமகன் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டு முடிவு, நான் சொல்லக்கூடியது தூரமும் நேரமும்தான். ஜித்தாவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அன்று காலையில் கிளம்புகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். போவதானால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும், திரும்புவது இரவுக்கு மேல்தான். மாடி, மக்கா இரண்டும் ஒரே நாளில் சரிப்படாது. ஜித்தாவிலேயே பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதால், முடிகிற நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, மாடிக்கு வர எத்தனை நிமிடம் ஆகும் என்று நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

போகிற கூட்டத்தைவிடத் திரும்புகிற கூட்டம்தான் கொடுமை. வருகிறவர்கள் இரண்டு மூன்று நாளாகப் பிரிந்து பிரிந்து வருவார்கள், கிளம்புகிறபோது எல்லாரும் ஒரே அரைமணியில் வண்டியைத் திருப்புவார்கள். 2024 ஏப்ரல் 8 கிரகணத்தன்று அமெரிக்காவில் சாலைகள் அப்படித்தான் மணிக்கணக்கில் நின்றன. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற காட்டுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள், நியாயம் அதேதான். மருமகன் வேறெங்காவது வண்டியில் போவதாக இருந்தால், முந்தின இரவே டேங்க் நிரப்பி, வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்து, முழு மறைவு முடிந்தபின் குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். போன் சிக்னலும் நெரிசலில் கிடைக்காமல் போகும். யார் எங்கே சந்திப்பது என்று வாயாலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஜூலை 22 கிரகணம் இருக்கிறது. பீகாரில் தாரேக்னா என்ற சிற்றூர்தான் பார்க்க உகந்தது என்று பேச்சு பரவி ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது, மழைக்கால மேகம் மூடிக்கொண்டது. இப்போது வரப்போகிற கிரகணம் அந்தக் கிரகணத்தின் அடுத்த சுற்றுதான். 18 வருடம் 11 நாள் 8 மணி நேரம் கூட்டிப் பாருங்கள், 2027 ஆகஸ்ட் 2 வந்து நிற்கும்.

கண்ணுக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்ட கண்ணாடி மட்டும். அச்சையும் அப்படியே நம்பக்கூடாது, போலி நிறைய வருகிறது. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பாருங்கள், டியூப்லைட் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கீறலோ மடிப்போ இருந்தாலும் அப்படியே. வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண். பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்கும் 10, 11 போதாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங்கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் ஆகாது. பைனாகுலரில் பார்க்க ஆசைப்பட்டால் சூரிய ஒளி வடிகட்டி அதன் முன்பக்கம், பெரிய கண்ணாடி மேல், காற்றில் கழலாதபடி டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியை முகத்தில் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால் குவிந்த வெயில் அதை ஒரு நொடியில் பொசுக்கிவிடும்.

கடைசிக் கீற்று ஒற்றை வைரப்பொட்டாகி அணைந்ததும் கண்ணாடியைக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் எதுவுமே தெரியாது, வெறும் கருப்புதான். ஜித்தாவில் அந்த ஆறு நிமிடமும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். கழற்றின உடனே போனில் ஐந்து நிமிட மணியை அழுத்தச் சொல்லிப் பேத்தியிடம் பொறுப்பைக் கொடுங்கள். மணி அடித்தபின் எல்லாரும் கையில் கண்ணாடியோடு தயாராக இருக்க வேண்டும். முதல் ஒளிப்பொட்டு எட்டிப் பார்க்கிறபோது கண்ணில் மாட்டிவிட வேண்டும். படம் எடுக்கிறேன் என்று நேரத்தைக் கரைக்காதீர்கள். ஒரு போனை மூலையில் சாய்த்து, நம் ஆட்களைப் பார்க்கும்படி வீடியோவில் போட்டுவிடுங்கள், போதும். ஒரு வெள்ளை வேட்டியைத் தளத்தில் விரித்து வையுங்கள். முழு மறைவுக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் மெல்லிய நிழல் நெளிவுகள் அதில் ஓடலாம். சூரியனுக்கு மிகப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால் அது வெள்ளி.

இனி நம் ஊர். அன்று நமக்கு ஆடி அமாவாசை. மாலையில், சூரியன் மேற்கே சாய்ந்த பிறகு, இங்கே பகுதி மறைவு மட்டும். பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் தர்ப்பணக் கூட்டம், கிரகணம் விட்டபின் முழுகுகிற கூட்டம், நடை சாத்தித் திறக்கிற கோயில் வாசல்கள், எல்லாம் ஒரே நாளில். எனக்குப் பெரிய கவலை பிள்ளைகள்தான். நம் நேரம் மூன்றரை மணி சுமாருக்கு லக்சரிலிருந்து டி.வி.யில் நேரலை காட்டுவார்கள், அங்கே ஜனங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்கள். அதைக் கண்ட பிள்ளைகள் இங்கே தெருவில் இறங்கி அதேபோல் கழற்றும். இங்கே முழு மறைவு கிடையாது, ஒரு நொடிகூடக் கழற்றக்கூடாது. அந்தி வெயில்தானே என்ற அலட்சியமும் சேரும். இதைப் பள்ளிக்கூடங்களில் ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும், மேலப்பாளையத்தில் நீங்கள் கிளம்புமுன் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்ணாடி எல்லாருக்கும் வாங்க முடியாது, அதனால் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துச் சுவரில் காட்டப்போகிறோம். கண்ணாடியின் மேல் காகிதம் ஒட்டி நடுவில் 5 மில்லிமீட்டர் ஓட்டை. கிழக்குப் பார்த்த வாசலுள்ள அறை, உள்ளே இருட்டு, எதிர்ச்சுவரில் வெள்ளைத்தாள். ஐந்தரை மணிக்குச் சூரியன் இங்கே 16 பாகை உயரம்தான், நாலு மீட்டர் உயர வீட்டின் நிழல் 14 மீட்டர் நீளும். ஆகவே கண்ணாடியை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் வெயிலே படாது, 15 மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குச் சுவரில் விழும் சூரியன் 14 சென்டிமீட்டர் அகலம் வரும், கடிபட்ட ஓரம் தெளிவாகத் தெரியும். மணல் நிரப்பிய சட்டியில் கண்ணாடியைச் செருக வேண்டும், பிம்பம் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடுவதால் ஒருவர் பக்கத்திலேயே இருந்து திருப்ப வேண்டும். கண்ணாடிக்கும் வாசலுக்கும் நடுவே பிள்ளைகள் நுழையாதபடி கயிறு கட்ட வேண்டும், குனிந்து கண்ணாடியைப் பார்த்தால் சூரியனைப் பார்த்த மாதிரிதான்.

இடமும் இன்னும் முடிவாகவில்லை. அம்பை, பாபநாசம் வேண்டாம் என்பது என் எண்ணம். மேற்கே மலை, மலைமேல் ஆடி மேகம். கிழக்கே நகர நகர வானம் வெளுக்கும், திசையன்விளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தால் நல்லது. உங்களுக்கு அங்கே பழக்கமானவர்கள் உண்டே, விசாரித்து எழுதுங்கள்.

ஜித்தாவுக்கு மொத்தம் எத்தனை பேர், எத்தனை கண்ணாடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அட்டைக் கண்ணாடி மடங்காமல் இருக்க நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். பார்த்து முடித்ததும் எறிந்துவிடாதீர்கள். கீறல் விழாமல் வைத்திருந்தால் 2031 மே 21 அன்று மதுரை வழியாக வரும் வளைய கிரகணத்துக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் அம்பை நண்பன்