எல்லா நாட்டுக்கும் ஒரே அச்சா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகமயமாக்கலில் எல்லா நாட்டு நிறுவனங்களும் அமெரிக்க பாணி நிர்வாகத்துக்கே வந்துவிடும் என்கிறது உங்கள் தலையங்கம். முப்பது ஆண்டு கணக்குத் தணிக்கை செய்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெர்மனியின் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெருநிறுவனங்களில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. வாக்குகள் சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு, அவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு ஆள் (சூட்சுமம் அங்கேதான்!). பங்குச் சந்தைக்குப் பதில் சொன்னால் போதும் என்ற அமெரிக்க வழக்கம் இதில் எங்கே ஒட்டும்?

ஜப்பானும் 2015-இல் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு ஆளுகை நெறிமுறை வகுத்து, முதலாளியையோ நிர்வாகத்தையோ சாராத சுயேச்சை இயக்குநர்களைக் குறைந்தது இரண்டு பேராவது நியமிக்கச் சொன்னது. நியமனம் எளிது, அதனால் மட்டும் பழக்கம் மாறிவிடாது. நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தின் சுயேச்சை இயக்குநர், முதலாளியின் கல்லூரித் தோழர். ஐந்தாண்டுக் கூட்டக் குறிப்புகளில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதாகப் பதிவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர்